மழை விடுமுறையில் வீட்டுக்குள் சின்னப் பிள்ளைகள்: ஃபோன் நேரமும் உடலசைவும்

குமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. மழைக்காக விடுமுறை விட்ட நாளானாலும், அம்மை கண்ட பிள்ளையை வெளியே விடாத வாரமானாலும், 2020-இல் போலப் பள்ளியும் அங்கன்வாடியும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தாலும் வீட்டுக்குள் நடப்பது ஒன்றுதான்: காலையில் ஃபோன் பிள்ளையின் கைக்குப் போகிறது, சார்ஜ் தீரும்போதுதான் திரும்பி வருகிறது. பிறந்த குழந்தை முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதை முதல்முறையாகச் சரிசெய்யப் பார்க்கும் பெற்றோருக்கும், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, பாட்டாமாருக்கும் இந்த வழிகாட்டி.

வேலையை ஃபோனைப் பிடுங்குவதில் தொடங்காதீர்கள். பிடுங்கிய பிறகு பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். முதலில் ஓட இடம் ஒதுக்குங்கள், ஓடும் வேளையை நாளுக்குள் நுழையுங்கள், அதன்பின் ஃபோனைக் குறையுங்கள். இந்த வரிசை மாறினால் பெரும்பாலும் இரண்டாம் நாளிலேயே முயற்சி நின்றுபோகும்.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு போதும்

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2019-இல் அளவு சொன்னது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். தவழத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும்போது நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம், பல தடவையாகப் பிரித்து, குப்புறக் கிடக்க வேண்டும். ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை நாள் முழுவதிலும் சேர்த்து 180 நிமிட உடலசைவு. மூன்று, நான்கு வயதில் அந்த 180-இல் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்கும் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஐந்து வயதுக்கு மேல் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது அதே அமைப்பின் 2020 வழிகாட்டுதல்.

180 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். நடப்பது, குனிவது, ஏறுவது, வாளி தூக்குவது எல்லாம் அதில் சேரும். தடையில்லாமல் விட்டால் மூன்று வயதுப் பிள்ளை இதைத் தானே செய்துவிடும். மழை நாளில் குறைந்துபோவது அந்த 60 நிமிடம்தான், உங்கள் முயற்சியும் அதன்மேல் இருக்கட்டும். மூச்சு வாங்குகிறதா என்று அறிய எளிய வழி உண்டு: ஆடும்போது பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அந்த நிமிடத்தைக் கணக்கில் சேர்க்கலாம். பாடிக்கொண்டே ஆட முடிந்தால் அது மெல்லசைவு, 180-இல் மட்டும் சேரும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பல்லாங்குழி, கல்லாங்காய், படம் வரைதல், கதை கேட்டல் எல்லாம் ஃபோனுக்கு நல்ல மாற்று. ஆனால் உட்கார்ந்தே செய்வதால் அவற்றை உடலசைவில் எழுதக் கூடாது. ஃபோன் குறைந்ததா என்பது ஒரு கணக்கு, உடல் அசைந்ததா என்பது இன்னொரு கணக்கு.

முதல் மூன்று நாள்: எழுதி மட்டும் வையுங்கள்

எதையும் மாற்றாமல் மூன்று நாள் பாருங்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். இரண்டு பத்தி: ஒன்றில் ஃபோனும் டிவியும், மற்றதில் உடலசைவு. ஃபோன் நேரத்தை மனக்கணக்கில் சொல்லாதீர்கள், எப்போதும் குறைத்தே சொல்வோம். ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதியில் எந்தச் செயலி எத்தனை நிமிடம் ஓடியது என்று இருக்கும். வீட்டிலுள்ள எல்லா ஃபோன்களையும் பார்த்துக் கூட்டுங்கள். அம்மா ஃபோனில் ஒரு மணி, ஆச்சி ஃபோனில் இரண்டு மணி என்று பிரிந்து கிடப்பதால்தான் மொத்தம் யாருக்கும் தெரிவதில்லை. யாரும் பார்க்காமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் சேர்த்து எழுதுங்கள். அது ஓடும்போது பெரியவர்கள் பிள்ளையிடம் பேசுவது குறைகிறது.

நிமிடத்தோடு காரணத்தையும் ஒரு சொல்லில் குறியுங்கள்: சோறு, அழுகை, சமையல், தூக்கம், அண்ணன் வகுப்பு. மூன்றாம் நாள் முடிவில் பாதிக்கு மேற்பட்ட நேரம் இரண்டு காரணங்களில் குவிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பெரும்பாலான வீடுகளில் அவை சோறும் சமையலும்.

இடம் ஒதுக்குதல்

பத்துக்குப் பத்து அடிக் கூடம் போதும். டீப்பாயையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் சுவரோரம் அடுக்கி நடுவில் ஆறடிக்கு எட்டடி வெற்றுத் தரை கிடைத்தால் ஏழு வயது வரைக்கும் சமாளிக்கலாம். சிட்டவுட் (வீட்டு முன்திண்ணை) இருந்தால் இன்னும் நல்லது, காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். ஆனால் மழைச் சாரல் பட்ட டைல்ஸ் வழுக்கும். ஆட்டம் தொடங்கும் முன் காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். சாக்ஸ் வேண்டாம், வெறுங்காலே பிடிக்கும். ஓட்டத்துக்கும் தாவலுக்கும் பாய் விரிக்காதீர்கள். டைல்ஸ் மேல் பாய் நழுவும், தாவுகிற பிள்ளை பாயோடு போய்ச் சுவரில் இடிக்கும். சிமென்டுத் தரையும் மண் முற்றமும் இதற்கு டைல்ஸைவிட மேல்.

அடுத்தது ஆபத்துகளை நீக்குதல். பிள்ளை நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் நாட்களில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

குலசேகரம், அருமனை, கீரிப்பாறை பக்கம் ரப்பர்த் தோட்டம் உள்ள வீடுகளில் ரப்பர்ப் பால் உறைய வைக்கும் ஆசிட் கேன் விறகுப்புரையிலோ குளியலறை மூலையிலோ இருக்கும். அது ஃபார்மிக் ஆசிட். தோலையும் கண்ணையும் தொண்டையையும் பொசுக்கும். பூட்டும் அறையில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ எந்த நாளும் ஊற்றி வைக்காதீர்கள். மேலே பட்டால் நனைந்த உடுப்பைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

ஓட்டுத் தண்ணீர் பிடிக்கும் வாளியும் அண்டாவும் மழைக்காலத்தில் பெருகும். நடை பழகும் குழந்தை வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. கையளவு தண்ணீரே மூழ்கப் போதும். மூடியிடுங்கள், இல்லையென்றால் கவிழ்த்து வையுங்கள். கிணற்றுக் கைப்பிடிச் சுவர் பக்கத்தில் ஏறி நிற்க வசதியாகக் கல்லோ வாளியோ கிடந்தால் நகர்த்துங்கள். டிவி ஸ்டாண்டும் அலமாரியும் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.

வயதுக்கு ஏற்ற அசைவு

*தவழாத குழந்தை.* தரையில் பாய், அதன்மேல் ஒரு துணி. மெத்தை வேண்டாம், அமுங்கும், முகம் புதையும். பால் குடித்து அரை மணி நேரம் கழிந்தபின், விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் குப்புறக் கிடத்துங்கள். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் பொறுக்கும். வாரத்துக்கு வாரம் கூட்டி மூன்று, நான்கு நிமிடம் வீதம் எட்டுத் தடவை என்று கொண்டுவந்தால் 30 நிமிடம் எட்டிவிடும். குழந்தை அழுவது பெரும்பாலும் பார்க்க ஒன்றும் இல்லாததால். நீங்களும் எதிரே படுத்து முகம் காட்டுங்கள், எவர்சில்வர் டம்ளரை உருட்டுங்கள். தூங்கினால் உடனே மல்லாக்கத் திருப்புங்கள். விழித்திருக்கும் குழந்தையைத் தொட்டிலிலோ, கட்டிவைக்கும் நாற்காலியிலோ ஒரேயடியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சக்கர வாக்கர் வாங்காதீர்கள்: அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியிலிருந்து கவிழ்த்துவிடும்.

*ஒன்று, இரண்டு வயது.* இந்த வயதுக்குச் சுமப்பதும் தள்ளுவதும்தான் ஆட்டம். ஒரு கூடையில் பத்துச் சிரட்டை (கொட்டாங்குச்சி). கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும், முடிந்ததும் திரும்பவும். நார் நீக்கி விளிம்பைத் தேய்த்த சிரட்டையாக இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போவது, துணிக்கூடையைத் தள்ளுவது, தலையணை மலையில் ஏறி இறங்குவது எல்லாம் சேரும். ஒரே ஆட்டம் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடாது. சலித்துவிட்டது என்று ஃபோனை எடுக்காமல், அதே சிரட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உதைக்க விடுங்கள்.

*மூன்று முதல் ஐந்து.* அந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். பன்னிரண்டு நிமிடச் சுற்று, நாளுக்கு ஐந்து. ஒரு சுற்று இப்படி: கூடத்தை இரண்டுமுறை சுற்றி வேக நடை, சுவரிலிருந்து சுவருக்குக் கரடி நடை (உள்ளங்கையும் பாதமும் தரையில், முழங்கால் படாமல்) நான்கு தடவை, எட்டுத் தவளைத் தாவல், மல்லாந்து கையூன்றிப் பின்பக்கம் போகும் நண்டு நடை இரண்டு தடவை, கடைசியில் 'நில்' என்றால் சிலையாக நிற்கும் ஓட்டம். இடையிடையே பத்து எண்ணும் வரை ஓய்வு. முதல் நாள் நீங்களும் கூடவே தவழ வேண்டும். நாற்காலியில் இருந்துகொண்டு கட்டளை மட்டும் போட்டால் நான்கு வயதுப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடும்.

பாண்டிக் கட்டத்தைச் சாக்பீஸால் போடுங்கள். ஒட்டுத் தாள் நாடாவைத் தரையில் ஒட்டினால் பசை விட்டுப்போகும், அதில் தூசி படிந்து கறுக்கும். மூன்று வயதுக்குக் கட்டம் ஓரடி அகலம், இரண்டு காலாலும் தாவல். நொண்டி அடிக்க நான்கு, ஐந்து வயதாகும். அதற்கு முன் முடியவில்லை என்று கவலைப்பட ஒன்றுமில்லை. பந்துக்குப் பழைய சாக்ஸில் துணி அடைத்துக் கட்டினால் போதும், விளக்கும் கண்ணாடியும் தப்பும். பலூன் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டாம். வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டினால் எடுப்பது மிகக் கடினம்.

கமுகு நிற்கும் வீட்டில் பாளை சும்மா விழுந்து கிடக்கும். மட்டையோடு சேர்ந்த பாளையில் சின்னவனை உட்கார வைத்துப் பெரியவள் மட்டையைப் பிடித்து இழுக்கட்டும். இழுப்பவருக்கு நல்ல மூச்சு வாங்கும், இருப்பவர் விழாமல் உடலை நிமிர்த்திப் பிடிக்கப் பழகுவார். சிட்டவுட்டின் படிப்பக்கம் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். டைல்ஸில் பாளை நினைப்பதைவிட வேகமாக நழுவும், ஆகவே முதல் சுற்று நடை வேகத்தில்தான்.

*ஐந்து முதல் ஏழு.* இந்த வயதுக்குச் சிரட்டை நடையைப்போல ஒன்றில்லை. சமநிலை, கால் வலு, கவனம் மூன்றும் ஒருசேர வேண்டும். செய்முறையில் பலர் தவறுவது சிரட்டையைத் தேர்ந்தெடுப்பதில். தேங்காயை உடைத்தால் மூன்று கண்ணும் ஒரே பாதியில் வரும், மறுபாதியில் ஓட்டை போடத் துரப்பணம் தேவைப்படும். ஆகவே ஒரே அளவுள்ள இரண்டு தேங்காய்களின் கண்ணுள்ள பாதிகளை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மென்மையானது, ஆணியால் குத்தினாலே துளை விழும். நன்றாக முற்றிய தேங்காயாக இருக்கட்டும், மெலிந்த சிரட்டை பிள்ளையின் எடையில் விரியும். ஒவ்வொரு சிரட்டைக்கும் பருத்திக் கயிறு ஒன்று. தரையிலிருந்து பிள்ளையின் இடுப்பு உயரம், அதோடு முடிச்சுக்கும் கைப்பிடிக்கும் அரை அடி. ஐந்து வயதுக்கு ஏறக்குறைய இரண்டரை அடி வரும். நைலான் கயிறு விரலிடுக்கை அறுக்கும். கயிற்றைத் துளைவழி உள்ளே விட்டு, சிறு குச்சியில் சுற்றி முடிச்சிட்டால் உருவிக்கொள்ளாது. சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, கயிறு பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வரும்படி ஏறி நிற்க வேண்டும். காலைத் தூக்கும்போதே கயிற்றையும் மேலே இழுக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். அதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் சிரட்டை தரையிலேயே தங்கிவிடும். டைல்ஸில் இந்த ஆட்டம் வேண்டவே வேண்டாம், சிமென்டிலோ மண்ணிலோ மட்டும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் கோல் தட்டி ஆடும் நம் ஊர்க் களியலாட்டத்தின் எளிய வடிவம் ஒன்றைப் பழக்கலாம். நான்கைந்து செய்தித்தாளை இறுகச் சுருட்டி ஓரடி நீளக் கோல் நான்கு செய்து ஒட்டுங்கள். தன் கோலோடு தன் கோல் ஒரு தட்டு, எதிரில் நிற்பவர் கோலோடு ஒரு தட்டு, குனிந்து தரையில் ஒரு தட்டு, சுற்றித் திரும்பி ஒரு தட்டு. மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். பாட்டுக்கு ஃபோனைப் பயன்படுத்தினால் திரையைக் கவிழ்த்து அலமாரி மேல் வையுங்கள். காதால் கேட்பது திரைக் கணக்கில் வராது.

வீட்டு வேலையையும் மறக்க வேண்டாம். சிட்டவுட்டை வாரியலால் பெருக்குவது, மாடியில் நனையப்போகும் துணியை ஓடிப்போய் எடுத்து வருவது, மரச்சீனிக் கிழங்கைக் கூடையில் சுமப்பது போன்றவை ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆட்டம்தான். மழை நாளில் ரப்பர்ப் பால்வெட்டு இல்லை, மேற்குக் கரைத் துறைமுகங்களில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வீட்டில் ஆண்கள் இருக்கும் நாட்கள் இவை. பகலில் இரண்டு சுற்றை அப்பாவோ மாமாவோ ஏற்றுக்கொண்டால் சமையல் நேரத்து ஃபோன் தானாகவே குறையும்.

மழை விட்டால் வெளியே

கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும். மேகம் மூடிய பகலிலும் வெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும், டியூப்லைட் போட்ட அறையில் சில நூறுதான். வளரும் வயதில் கிட்டப்பார்வை வராமல் காப்பதில் இந்த வெளி வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சீனாவின் ஃபெய்செங் நகரில் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணை ஆண்டுதோறும் பரிசோதித்து வந்தார்கள். 2015 முதல் 2019 வரை ஆறு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை அதிகபட்சம் 5.7 சதவீதம். கொரோனா வீட்டடைப்புக்குப் பிறகு 2020-இல் அது 21.5 சதவீதமாக ஏறியது.

ஆகவே மழை விட்ட அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள், முற்றத்தில் இறக்கி விடுங்கள். எல்லாம் சேர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் கிடைத்தால் நல்லது. மழை நாளில் இருபது இருபது நிமிடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே விடக் கூடாது. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு விளையாட விடாதீர்கள், குறிப்பாகக் காலில் புண் இருந்தால். எலிக்காய்ச்சல் அந்த வழியில்தான் வருகிறது. ரப்பர்த் தோட்டத்துச் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசு பெருகும். முழுக்கை உடுப்பு போடுங்கள், கவிழ்க்க முடிந்ததைக் கவிழ்த்து விடுங்கள்.

இப்போது ஃபோனுக்கு வரலாம்

ஓடும் வேளைகள் மூன்று நாலு நாள் நிலைபெற்ற பிறகு, ஒரு நேரத்தில் ஒரு இடத்திலிருந்து மட்டும் ஃபோனை எடுங்கள். முதலில் காலை. எழுந்ததும் ஃபோன் கொடுத்தால் அன்று முழுவதும் பிள்ளை அதையே கேட்கும். காலைச் சுற்று முடியும் வரை ஃபோன் கண்ணில் படாமல் இருக்கட்டும்.

இரண்டாவது சோறு. இதுதான் கடினம், இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே வாய் திறக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, மெல்லாமல் விழுங்கும், புரையேறும். தொடங்கும் வேளை காலை உணவாக இருக்கட்டும், பசி அப்போதுதான் அதிகம். சாப்பாட்டுக்கு முன் இரண்டரை மணி நேரம் பிஸ்கட், பால், சிப்ஸ் எதுவும் இல்லை. கையால் எடுத்துத் தின்னக் கூடியதை வையுங்கள்: அவித்த ஏத்தன் பழம் துண்டுகளாக, மட்டிப்பழம், பயறு பிசைந்த புட்டு உருண்டை. தரையில் பாய் விரித்து எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டோ கெஞ்சலோ வேண்டாம். முதல் இரண்டு, மூன்று நாள் பாதிதான் தின்னும். அடுத்த வேளையில் ஈடுசெய்துகொள்ளும். இந்த நாட்களில் பயந்து ஃபோனை எடுப்பதால்தான் இந்த முயற்சி பெரும்பாலும் தோற்கிறது. எடை குறைந்த பிள்ளை, நோயிலிருந்து எழும் பிள்ளை என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாவது படுக்கை. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரையும் அணைய வேண்டும். பிரகாசமான வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். ஃபோன்கள் இரவில் அடுக்களையில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும்.

மிஞ்சுவது இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு மணி நேரம். அதை எப்படிச் செலவிடுவது? இரண்டு அரை மணியாகப் பிரித்து, உங்களுக்குக் கை ஓயாத சமையல் வேளையிலும் மாலையிலும் வையுங்கள். ஃபோனைவிட டிவி நல்லது: ஏழெட்டு அடி தள்ளி இருக்கும், எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம், பிள்ளை தானாகத் தள்ளிக்கொண்டே போக முடியாது. யூடியூபில் ஆட்டோபிளேயை அணையுங்கள், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக வருவதால்தான் பத்து நிமிடம் ஒரு மணியாகிறது. யூடியூப் கிட்ஸ் செயலியில் டைமர் இருக்கிறது. நேரம் முடிந்ததும் அதுவே நிறுத்திக்கொள்ளும், நீங்கள் பிடுங்க வேண்டியதில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு 'இன்னும் பத்து நிமிடம்' என்றால் புரியாது. 'இந்தக் கதை முடிஞ்சதும் அணைச்சிடுவோம் மக்களே' என்றால் புரியும். அணைத்த கையோடு அடுத்த ஆட்டம் தயாராக இருக்க வேண்டும். சிரட்டைக் கூடையை முன்பே நடுக்கூடத்தில் வைத்துவிடுங்கள்.

ஃபோனைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காதீர்கள். 'சமத்தா இருந்தா ஃபோன் தருவேன்' என்ற ஒரு வாக்கியம் ஃபோனின் மதிப்பை ஏற்றிவிடும்.

வெளிநாட்டு அப்பாவும் அண்ணனின் வகுப்பும்

வளைகுடாவில் இருக்கும் அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு வகை. எதிரில் ஆள் பதில் சொல்கிறார், பிள்ளை பேசுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உறவினரோடு இடையிடையே பேசுவதை மட்டும் விலக்காக ஏற்கிறது. சிக்கல் நேரத்தில்தான். துபாயில் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து அழைத்தால் இங்கே ஒன்பதரை. சவூதியிலும் கத்தாரிலும் எட்டு என்றால் இங்கே பத்தரை. பிள்ளையின் தூக்கம் அங்கேதான் உடைகிறது. அவருடைய மதிய உணவு இடைவேளைக்கு மாற்றிப் பாருங்கள்: துபாயில் பன்னிரண்டரை என்றால் இங்கே பிற்பகல் இரண்டு, ரியாத்தில் பன்னிரண்டு என்றால் இரண்டரை. பேசி முடித்ததும் ஃபோன் பெரியவர் கைக்குத் திரும்ப வேண்டும். கால் முடிந்த கையோடு யூடியூபுக்கு நழுவுவது வழக்கம்.

பள்ளி ஆன்லைன் வகுப்பு நடத்தினால், மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020 பிரக்யதா வழிகாட்டுதல் அளவு சொல்லியிருக்கிறது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டுக்கு மேல் கூடாது, மழலையர் வகுப்புக்குப் பெற்றோரோடு பேசும் 30 நிமிடம் மட்டும். அதைவிடக் கூடுதலாக நடந்தால் ஆசிரியரிடம் இந்த அளவைச் சொல்லிப் பேசலாம். அண்ணனின் வகுப்பைத் தோளுக்குப் பின்னால் நின்று தங்கை பார்ப்பதும் திரை நேரம்தான். அந்த அரை மணிக்கு அவளை வேறு அறையில் பாளை வண்டியோடு வையுங்கள். படிக்கும் பிள்ளை 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியுள்ள தென்னையையோ எதிர்வீட்டு ஓட்டையோ 20 விநாடி பார்க்க வேண்டும். திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைவதால்தான் கண் எரிகிறது. நினைவூட்டினால் இமைக்கும்.

அழுகை வரும்

குறைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் அழுகை முன்பைவிடக் கூடும். முறை தவறவில்லை, இதுவரை அழுதால் கிடைத்தது இப்போது கிடைக்காததால் பிள்ளை இன்னும் உரக்க அழுது பார்க்கிறது. நான்கு நாள் மறுத்து ஐந்தாம் நாள் கொடுத்தால், எவ்வளவு நேரம் அழ வேண்டும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும். பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், 'ஃபோன் வேணும்னு தோணுது இல்லியா' என்று ஒருமுறை சொல்லுங்கள், அதற்குமேல் விளக்கம் வேண்டாம். வீட்டில் எல்லாருக்கும் ஒரே விதி. ஆச்சியைக் குறை சொல்வதற்குப் பதில் அவரை முன்கூட்டியே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். முழங்கால் வலியோடு ஓட முடியாத ஆச்சிக்குக் கதையும் கல்லாங்காயும் கொடுங்கள், ஓட்டத்தை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

காற்று மழையில் கரண்ட் போகும். 2017 நவம்பர் 30-இல் ஓக்கி புயல் வந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் இருட்டு. அப்படி ஒரு நாளில் ஃபோன் சார்ஜ் அவசர அழைப்புக்கானது. டார்ச் வெளிச்சத்தில் சுவரில் கைநிழல் காட்டுவதும் நிழலைப் பிடிக்க ஓடுவதும் ஒரு மணி நேரம் தாங்கும்.

தூக்கம், நோய், மருத்துவர்

ஒன்று, இரண்டு வயதுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம். மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13. விடுமுறை என்று எழும் நேரத்தை இரண்டு மணி தள்ளினால் இரவு பதினொன்றுக்கும் தூக்கம் வராது. எழும் நேரத்தை மாற்றாமல் காத்தால் மற்றவை ஒழுங்காகும். அது தள்ளிப்போயிருந்தால், பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது, நாளுக்குக் கால் மணி வீதம் முன்னே நகர்த்துங்கள்.

காய்ச்சல், அம்மை இருக்கும் பிள்ளையை ஓட வைக்க வேண்டாம். கதையும் பாட்டும் போதும். காய்ச்சல் விட்டு ஒருநாள் முழுதும் கழிந்தபின் ஐந்து நிமிடச் சுற்றில் தொடங்கி, பசியும் உற்சாகமும் திரும்புவதைப் பார்த்துக் கூட்டுங்கள்.

சில அறிகுறிகளை 'ஃபோன் அதிகம் பார்க்கிறான், அதனால்தான்' என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பேசிய சொற்கள் நின்றுபோவது, டிவிக்கு மிக அருகில் போய் நிற்பது, ஒரு கண் விலகுவது, ஓடும்போது அடிக்கடி விழுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மழை ஓயட்டும் என்று காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கன்வாடி ஊழியரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொன்னால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவமும் கண் மருத்துவமும் உண்டு. போகும்போது அந்த நாட்காட்டித் தாள்களையும் கொண்டுபோங்கள். திரை எவ்வளவு, அசைவு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.